செனரத் மன்னனும் கீழைக்கரை முஸ்லிம்களும்

கண்டியரசன் செனரத் (1604–1635) துறவாடை களைந்து அரியணை ஏறியவன். முன்னைய மன்னன் விமலதர்மசூரியனின் விதவை தோனா கதரீனாவை மணந்து தன் உரிமையை உறுதிப்படுத்தியவன். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியினின்றும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்களுட் பலருக்கு அவன் புகலளித்தான். நாலாயிரம் பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்பது போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் தரும் செய்தி. இன்றைய கல்முனைக் கரையும் அன்று மட்டக்களப்புப் பிரதேசத்துள் அடங்கியதே.

இதனை அரச கருணையாக மட்டும் விளக்குவது பொருந்தாது. மேற்குக்கரைத் துறைகளை இழந்திருந்த கண்டிக்குக் கீழைக்கரையே கடல்வாயில். அங்கே உழவரும் வணிகரும் வேண்டப்பட்டனர். 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை எழுப்பியமை அக்கரையின் முக்கியத்துவத்துக்குச் சான்றாகும். ஆகவே, கொடுத்தவன் தேவையும் வந்தவர் உழைப்பும் ஒருங்கே எழுதப்படல் வேண்டும். அகதிகளாக வந்தோரை மன்னனின் கொடைபெற்றோராக மட்டுமே காட்டும் வரலாறு, வயலைத் திருத்திய கைகளை மறந்த வரலாறேயாகும்.