வலைக்கு மேலே ஒரு கணக்கு – 6: குணாளன் கொண்டுவந்த 21

சென்ற வாரம் லண்டன் வெம்ப்ளி அரங்கில் நிறுத்தியிருந்தோம். 1980 மார்ச் 23. ஆல் இங்கிலாந்து இறுதிப் போட்டி. வலைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் லீம் ஸ்வீ கிங். முந்தைய இரண்டு ஆண்டும் கோப்பையைக் கொண்டுபோனவர். எகிறிக் குதித்து அவர் அடிக்கும் ஸ்மாஷுக்கு ‘கிங் ஸ்மாஷ்’ என்றே பெயர். இந்தப் பக்கம் நம் ஊர்ப் பிள்ளை பிரகாஷ் படுகோன். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் கனரா யூனியனின் கல்யாண மண்டபத்தில் ஆடிப் பழகியவர். அங்கே முகூர்த்த நாளென்றால் ஆட்டம் கிடையாது.

பிரகாஷ் ஜெயித்தார். 15–3, 15–10.

அந்த முதல் கேமின் 3-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். உலகின் தலைசிறந்த வீரர் ஒரு கேம் முழுக்க மூன்றே ராலிகளைத்தான் ஜெயித்தாரா? இல்லவே இல்லை. அதைவிட எத்தனையோ ராலிகளை அவர் ஜெயித்திருப்பார். ஆனால் சர்வீஸ் கையில் இருக்கும்போது ஜெயித்தால்தான் அன்றைக்குப் புள்ளி. எதிராளி சர்வீஸ் போட்டு நீங்கள் ராலியை ஜெயித்தால் அம்பயர் ‘சர்வீஸ் ஓவர்’ என்பார். ஷட்டில் உங்கள் கைக்கு வரும், ஸ்கோர் பலகை அப்படியே நிற்கும்.

இந்தக் கணக்கு ஒருவகை ஆட்டக்காரரை வளர்த்தது. நீங்கள் 5–14 என்று பின்தங்கிக் கிடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் உங்களிடம் வந்துவிட்டது. இப்போது துணிந்து வலையோரம் ஒரு டிராப் போடலாம். தப்பினால் சர்வீஸ் போகும், அவ்வளவுதான்; கேம் போகாது. எதிராளி மறுபடி சர்வீஸ் போட்டு, மறுபடி ஒரு ராலியை ஜெயித்தாக வேண்டும். மூச்சும் பொறுமையும் உள்ளவன் அங்கிருந்து எழுந்து வர முடியும். வேகத்தைக் குறைத்து, டாஸ் போட்டுப் பின்னால் ஓடவிட்டு, ஹாஃப் ஸ்மாஷ் அடித்து, மணிக்கட்டின் கடைசி அசைவில் திசையை மாற்றும் பிரகாஷின் கலைக்கு இது தாய்வீடு. எதிராளியைக் களைக்க வைக்க அவகாசம் தந்த கணக்கு இது.

அந்த அவகாசத்துக்கு விலையும் இருந்தது. 1997, கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப் இறுதி. டென்மார்க்கின் பீட்டர் ராஸ்முசன், சீனாவின் சுன் ஜுன். 16–17, 18–13, 15–10. ஆட்டம் முடிய 124 நிமிடம் ஆனது. ரசிகனுக்கு அது விருந்து. ஆனால் தொலைக்காட்சிக்காரர் ஒரு மணி நேரம் ஒதுக்குவதா, இரண்டரை மணி நேரம் ஒதுக்குவதா? 1992-இல்தான் பதக்கப் போட்டியாக ஒலிம்பிக்ஸுக்குள் நுழைந்த விளையாட்டு இது. எப்போது முடியும் என்றே சொல்ல முடியாத ஆட்டத்தை எத்தனை நாள் உள்ளே வைத்திருப்பார்கள் என்ற கவலை சர்வதேசச் சம்மேளனத்தைப் பிடித்துக்கொண்டது.

இங்கே நம் பக்கத்தில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. காக்ஸ் டவுனில் ஆட்டோ ஏறி, ஃப்ரேசர் டவுன் வழியாக கன்டோன்மென்ட் ஸ்டேஷனைக் கடந்தால் சற்று நேரத்தில் ஜஸ்மா பவன் ரோடு வந்துவிடும். அங்குள்ள கர்நாடக பேட்மின்டன் சங்கத்தின் கோர்ட்டுகளில்தான் 1994-இல் பிரகாஷ் தன் அகாடமியைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற புல்லேலா கோபிசந்த் 2001-இல் அதே ஆல் இங்கிலாந்தில் பீட்டர் கேடை 17–14, 17–15 என்றும், இறுதியில் சென் ஹாங்கை 15–12, 15–6 என்றும் வென்றார். அரையிறுதியின் இரண்டு கேமும் 14–14-ஐத் தொட்டு நீண்டவை. குருவைப் போலவே சீடரும் பழைய கணக்கில் ஜெயித்தார்.

அடுத்த ஆண்டே அந்தக் கணக்கைத் தூக்கிவிட்டார்கள்! 2002 ஆல் இங்கிலாந்தில் கேமுக்கு 7 புள்ளி, ஐந்தில் மூன்று கேம். சென் ஹாங் கோப்பை வென்ற ஸ்கோர் 7–4, 5–7, 7–1, 7–3. சூடு பிடிக்கும் முன்பே கேம் முடிந்தது. அந்த ஆண்டுக்குள்ளேயே அதைக் கைவிட்டு 15-க்குத் திரும்பினார்கள். நல்ல முடிவு. ஏழு புள்ளியில் ஒரு வீரனின் குணம் தெரிவதற்குள் கை குலுக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஒரு தமிழர் முன்னால் வருகிறார்.

பஞ்சாட்சரம் குணாளன். மலேசியத் தமிழர். உலகம் அவரை ‘பஞ்ச்’ குணாளன் என்றது. 1970 ஆசிய விளையாட்டில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம். 1971-இல் இங் பூன் பீயுடன் சேர்ந்து ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டம். 1974-இல் காமன்வெல்த் தங்கம். அதே ஆண்டு ஆல் இங்கிலாந்து ஒற்றையர் இறுதியில் மகா வீரர் ரூடி ஹார்த்தோனோவிடம் முதல் கேமை ஜெயித்துவிட்டுத் தோற்றார். பழைய கணக்கின் இனிப்பும் கசப்பும் உடம்பால் அறிந்தவர். பிறகு சர்வதேசச் சம்மேளனத்தின் துணைத் தலைவர் பொறுப்புக்கு வந்தார். 2005-இல் சம்மேளனத்தின் தலைமையகமும் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமிலிருந்து கோலாலம்பூருக்கு இடம் மாறியது.

அவர் முன்னின்று கொண்டுவந்தது இது: கேமுக்கு 21. யார் சர்வீஸ் போட்டாலும் ராலியை ஜெயித்தவருக்குப் புள்ளி. 20–20 ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் 30-ல் முடிந்தாக வேண்டும். 11-ல் ஒரு நிமிட இடைவேளை. இரட்டையரில் இரண்டாவது சர்வர் என்பதே கிடையாது. அதுவரை பெண்கள் ஒற்றையருக்கு மட்டும் கேம் 11 புள்ளியாக இருந்தது. இனி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்கு. இந்த ஒன்றுக்காகவே குணாளனுக்கு நன்றி சொல்லலாம் என்பது என் கருத்து.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பரிசோதனை என்றுதான் தொடங்கினார்கள். 2006 ஜனவரியில் லின் டான் ஆல் இங்கிலாந்தை 15–7, 15–7 என்று வென்றார். அந்தப் போட்டியில் பழைய கணக்கின் கடைசி இறுதி அதுதான். மே மாதம் 21 நிரந்தரமானது. செப்டம்பரில் மாட்ரிட் உலகச் சாம்பியன்ஷிப்பில் அதே லின் டான் பாவோ சுன்லாயை வென்ற ஸ்கோர் 18–21, 21–17, 21–12.

ஆட்டம் மாறிவிட்டது. முதல் ஷட்டிலிலிருந்தே ஒவ்வொரு தப்புக்கும் புள்ளி போகும். எதிராளியின் பலவீனத்தை நிதானமாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. 5–14-ல் துணிந்து போட்ட அந்த டிராப்பை 10–20-ல் போடத் தைரியம் வேண்டும். வலையில் பட்டால் கேமே போச்சு. தாக்குதல் முன்னால் வந்தது, 11-ல் பயிற்சியாளர் வந்து காதில் சொல்லும் நான்கு வார்த்தைக்கு மதிப்பு கூடியது. பெங்களூரில் வளர்ந்த நிதானக் கலைக்கு இது பேரிடி என்று பலர் வருந்தினார்கள்.

காக்ஸ் டவுனில் எங்கள் தெருவின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இன்றும் இந்த வழக்கு தீரவில்லை. பெரியவர்கள் ‘செவன்–நைன், செகண்ட் சர்வர்’ என்று கத்துவார்கள். எதிரே நிற்கும் காலேஜ் பையன், ‘அங்கிள், செகண்ட் சர்வரெல்லாம் இப்ப கிடையாது, ஷட்டிலைக் கொடுங்க’ என்பான். ஷட்டில் கைமாற ஐந்து நிமிடம் ஆகும்.

பெரியவர்கள் பக்கம் எனக்குப் பாசம் உண்டு. ஆனாலும் தீர்ப்பு பையன் பக்கம்தான். இந்தியா எழுந்தது இந்த 21-ல்தான். 2022 மே 15, பாங்காக். தாமஸ் கோப்பை இறுதி, எதிரே இந்தோனேசியா. பிரகாஷின் அகாடமியில் வளர்ந்த லக்ஷ்யா சென் முதல் கேமை 8–21 என்று இழந்தார். ஆண்டனி கின்டிங் அவரை ஊதித் தள்ளிவிட்டார் என்றே தோன்றியது. அடுத்த இரண்டு கேம்: 21–17, 21–16. நிதானம் சாகவில்லை, வேகத்துக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இந்தியா 3–0 என்று முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

அந்த வெற்றிக்கு ஓராண்டு முன்பு 21-ஐயே ஒழிக்கப் பார்த்தார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேமுக்கு 11, ஐந்தில் மூன்று என்ற யோசனை 2018-இல் வோட்டெடுப்புக்கு வந்தது. பாதிக்குச் சற்று மேலே ஆதரவு கிடைத்தும், மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. 2021 மே மாதம் இந்தோனேசியாவும் மாலத்தீவும் அதையே மறுபடி கொண்டுவந்தன. கொரோனா காலம், கூட்டம் இணையவழியில். மொத்தம் 282 வோட்டுகள். 188 விழுந்தால் 21-ன் ஆயுள் முடிந்தது.

எண்ணி முடித்தார்கள். விழுந்தவை 187.

ஒரே ஒரு வோட்டில் தப்பிய 21-ஐத் தேடி, 2025-இல் வேறோர் எண் வந்தது. பழைய நண்பனின் பெயரோடு, புதிய முகத்தோடு: பதினைந்து.

(அடுத்த வாரம்: ‘மறுபடியும் 15’)