நிழற்படமும் வரலாற்றுச் சான்றும்

எழுத்தாவணங்களை ஐயுற்று ஆராய்ந்த பின்னரே ஏற்கும் நாம், நிழற்படங்களைப் பெரும்பாலும் ஆராயாதே நம்பிவிடுகின்றோம். இந்நம்பிக்கை எத்துணைத் தவறானது என்பதைச் சோவியத் ஒன்றியத்தின் வரலாறு உணர்த்தும்.

1920 மே 5ஆம் நாள், போலந்துப் போர்முனைக்குச் செல்லவிருந்த படையினர் முன் மொஸ்கோவில் லெனின் உரையாற்றினார். அப்போது எடுக்கப்பட்ட படமொன்றில் மேடைப் படிகளில் ட்ரொட்ஸ்கியும் காமெனெவும் நிற்கின்றனர். பின்னர் ஸ்டாலினோடு முரண்பட்ட இவர்களுள் ட்ரொட்ஸ்கி 1929இல் நாடுகடத்தப்பட்டார். காமெனெவ் 1936இல் சுட்டுக்கொல்லப்பட்டார். ஸ்டாலின் ஆட்சியில் வெளியான அதே படத்தில் இருவரையும் காணோம்; அவர்கள் நின்ற இடத்தில் மரப்படிகளே தீட்டப்பட்டிருந்தன. இரகசியப் பொலிசின் தலைவராயிருந்து பல்லாயிரவரை அழித்த யெசோவும் இக்கதிக்குத் தப்பவில்லை. மொஸ்கோக் கால்வாய்க் கரையில் ஸ்டாலினருகே அவர் நின்ற இடத்தில், அவரது வீழ்ச்சியின் பின் வெளியான படத்தில் நீர்ப்பரப்பே எஞ்சியது.

இம்மோசடிகள் வெளிப்பட்டமைக்குக் காரணம் யாது? முந்திய பிரதிகள் முற்றாக அழியாதிருந்தமையும், அவற்றைப் பிந்தியவற்றோடு ஆய்வாளர் ஒப்புநோக்கியமையுமேயாம். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங் கண்ட நம் பதிப்பாசிரியர் மரபுக்கு இம்முறை புதிதன்று.

அன்று அரசொன்றின் ஓவியர் தூரிகைகொண்டு செய்ததை இன்று கணினியால் எவரும் செய்து, இணையவழி உலகெங்கும் பரப்பலாம். ஆயின் நாம் எழுப்பவேண்டிய வினாக்கள் பழையனவே. படத்தை முதலில் வெளியிட்டவர் யார்? அதன் முந்திய வடிவம் யாது? உடன் தரப்படும் குறிப்பு அப்படத்துக்கு உரியதுதானா? அதனை நம்புவதால் பயனடைவோர் யாவர்?

திரிக்கப்பட்ட படத்தை நாம் எறிந்துவிடலுமாகாது. லெனினின் கூட்டத்துக்கு அது சான்றாகாது; அதனைத் திரித்த ஆட்சியின் இயல்புக்கோ அதனினும் சிறந்த சான்றில்லை.