பழனியார் எந்தப் பக்கம் அமர்ந்திருந்தார்?
மின்தேக்கி மைக் சிறிதான கதை

மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் (1908–1962) பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பழனியைத் தம் பெயரோடு சேர்த்து இசையுலகில் நிலைநாட்டியவர் அவர். அவர் இடதுகைக்காரர். இது இசை வரலாற்றில் சிறிய செய்தியன்று. மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கியிருக்க வேண்டும் என்பது மேடை மரபு. இடது கையால் வலந்தலையை வாசிப்பவர், வழக்கமாக வயலின்காரர் அமரும் பக்கத்தில்தான் அமர முடியும். இதனாலேயே அவருக்குத் தொடக்கத்தில் வாய்ப்புகள் தடைப்பட்டன. செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்து மேடையேற்றினார்.

இப்போது ஒரு கேள்வி. ஒரே ஒரு மைக் வைத்துப் பதிந்த பழைய கச்சேரி ஒன்றைக் கேட்கிறீர்கள். மிருதங்கம் வாசித்தவர் எந்தப் பக்கம் அமர்ந்திருந்தார் என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. மேடை முழுவதும் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. ஒலியைக் காப்பாற்றினோம், இடத்தை இழந்துவிட்டோம். அந்த இடத்தையும் சேர்த்துப் பிடிக்க மனிதன் என்ன செய்தான் என்பதே இக்கட்டுரையின் கதை.

புனலிலிருந்து தகட்டுக்கு

1902ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவில் கௌகர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது மைக் இல்லை. பாடுபவர் ஒரு பெரிய புனலுக்குள் முகத்தை நீட்டி உரக்கப் பாட வேண்டும். புனலின் மறு முனையில் உள்ள ஊசி மெழுகில் கோடு கீறும். குரலின் சொந்த வலிமையே ஊசியை அசைக்க வேண்டியிருந்ததால், மெல்லிய நாதங்கள் மெழுகை எட்டாமலே போயின.

1916இல் அமெரிக்காவில் ஈ. சி. வென்ட்டே என்ற இயற்பியலாளர் மின்தேக்கி மைக்கை உருவாக்கினார். அதன் தத்துவம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். இரண்டு தகடுகளை நெருக்கமாக வைத்து மின்னூட்டம் கொடுத்தால் அது மின்தேக்கி. ஒரு தகடு அசையாதது. மற்றது மெல்லிய சவ்வு. ஒலியலை பட்டுச் சவ்வு அதிரும்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. மின்னூட்டம் மாறாமல் இருக்க இடைவெளி மட்டும் மாறினால் மின்னழுத்தம் மாறியே தீரும். அந்த மாற்றமே ஒலியின் மின் வடிவம். சவ்வு மிக லேசானது. ஆதலால் கஞ்சிராவின் சலங்கை ஒலி போன்ற வேகமான அதிர்வுகளையும் அது விடாமல் பின்பற்றும்.

1925இல் மின்முறை ஒலிப்பதிவு வணிகத்துக்கு வந்தது. 1928இல் பெர்லின் நகரில் கேயார்க் நாய்மான் இத்தகைய மைக்குகளைத் தொழில்முறையில் தயாரிக்கத் தொடங்கினார். உருவத்தைப் பார்த்து அதற்கு ‘புட்டி’ என்றே செல்லப் பெயர் வந்தது!

ஏன் அவ்வளவு பருமன்? மைக்கின் மின்தேக்குதிறன் சுமார் 50 பிக்கோபாரடுதான். மைக்கிலிருந்து செல்லும் கம்பிக்கோ ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோபாரடு உண்டு. சில மீட்டர் கம்பியே மைக் தரும் சிறிய மின்குறியை விழுங்கிவிடும். ஆகையால் பெருக்கி, சவ்வை ஒட்டியே இருக்க வேண்டும். அக்காலத்தில் பெருக்கி என்றால் வால்வு. வால்வுக்குச் சூடேற்றும் மின்சாரம் தனி, உயர் மின்னழுத்தம் தனி. மைக் எப்படிச் சிறிதாக இருக்கும்?

நம் பக்கத்தில் சென்னை வானொலி நிலையம் 1938 ஜூனிலும், திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் ஒலிபரப்பைத் தொடங்கின. கச்சேரி கேட்கச் சபைக்குப் போக வேண்டும் என்ற நிலை மாறி, கச்சேரி வீட்டுக்கே வந்தது.

மைக் விரலளவானது

காந்தத்தில் காந்தத்தன்மை நிலைத்திருப்பதுபோல், ஒரு பொருளில் மின்னூட்டம் நிலைத்திருக்குமா? அத்தகைய பொருளுக்கு ‘எலக்ட்ரெட்’ என்ற பெயரை ஆலிவர் ஹெவிசைடு 1885இலேயே சூட்டிவிட்டார். ஜப்பானியரான எகுச்சி, உருகிய மெழுகை மின்புலத்தில் உறைய வைத்து அதைச் செய்தும் காட்டினார். 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய இருவரும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் மின்னூட்டத்தை நிலைநிறுத்தி மைக் செய்தார்கள். தகடுகளுக்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் தரும் தேவை போயிற்று. செல்பேசியில் நீங்கள் பேசக் காரணமான மைக்குகளின் முன்னோடி இதுவே.

அதே காலத்தில் வால்வின் இடத்தை டிரான்சிஸ்டர் பிடித்தது. 1966இல் நாய்மான் நிறுவனம் கே.எம். 84 என்ற சிறிய மைக்கை வெளியிட்டது. நார்வே வானொலிக்காக அதில் 48 வோல்ட் மின்சாரத்தை ஒலிக் கம்பியிலேயே அனுப்பும் முறை கையாளப்பட்டது. இரண்டு கம்பிகளுக்கும் ஒரே மின்னழுத்தம். ஆகவே அவற்றுக்கிடையே வேறுபாடு இல்லை. தராசின் இரு தட்டிலும் ஒரே எடையை வைத்தால் முள் அசையாதல்லவா? அதுபோல மின்சாரம் ஒலியைத் தொடாமல் சென்றுவிடும். தனிப் பெட்டி, தனிக் கம்பி எல்லாம் தேவையற்றுப் போயின.

சிறியதாக இருந்தால் போதுமா?

இங்கே என் அறியாமையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துக் கிராமக் கோயிலில் முதிய நாதஸ்வர வித்துவான் ஒருவர் வாசித்தார். சிறிய மின்தேக்கி மைக் ஒன்றைத் தாங்கியில் இறுக்கிக் கட்டி, தாங்கியைப் பலகை மேடையிலேயே நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து கேட்டால், ஒவ்வொரு தவில் அடிக்கும், மேடையில் நடந்த ஒவ்வொரு காலடிக்கும் ‘தொம், தொம்’ என்ற இடி! அந்த இடியில் ராக ஆலாபனை சிதறிப் போயிருந்தது. மறு ஆண்டு அவர் வாசிக்க வரவில்லை. அதன்பின் அவர் வாசிக்கவே இல்லை. இயற்பியல் கற்பிப்பவன் ஒரு ரப்பர் வளையத்தை மறந்ததால் வந்த இழப்பு அது.

காற்றில் வரும் ஒலி வேண்டும்; பலகை வழியே வரும் அதிர்வு வேண்டாம். அதற்காகவே மைக்கை ரப்பர் வளையங்களில் தொங்கவிடுகிறார்கள். தொங்கும் மைக் ஒரு சுருள்வில்லில் தொங்கும் நிறை போன்றது. மைக்கை வைத்ததும் ரப்பர் 1 சென்டிமீட்டர் தாழ்ந்தால் அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 5 ஹெர்ட்ஸ். இதைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட, அதாவது 7 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகள் குறைந்துதான் மைக்கை அடையும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. பழைய பருமனான மைக்குக்கு ஏற்ற ரப்பரில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள சிறிய மைக்கைத் தொங்கவிடுங்கள். ரப்பர் 1 மில்லிமீட்டர்தான் தாழும். இயல்பு அதிர்வெண் 16 ஹெர்ட்ஸாக உயரும். பாதுகாப்பு குறைந்துவிட்டது! மைக் சிறுக்கச் சிறுக்க ரப்பரும் இளக வேண்டும். கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டினாலோ, அதிர்வு ரப்பரை விட்டுவிட்டுக் கம்பி வழியே ஏறிவிடும். கம்பியை ஒரு தளர்ந்த வளையமாக விட்டுத் தாங்கியில் கட்டுங்கள்.

நம் ஊருக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று பழனி, ஒட்டன்சத்திரம் தாண்டி நம் சமவெளியிலும் வீசும். மண்டபத்தின் மின்விசிறியும் சளைத்ததல்ல. லேசான சவ்வுக்குக் காற்று என்பது பெரும் புயல். பஞ்சுறை இல்லாமல் மைக்கை வைக்காதீர்கள். அடுத்து ஈரம். தகடுகளுக்கிடையே ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசிந்து ‘பொறுபொறு’ என்ற ஒலி எழும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துவந்த மைக்கை உடனே திறக்காமல், உறையிலேயே வைத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். சேமிக்கும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உடனிருக்கட்டும்.

இரண்டு காதுகள், இரண்டு மைக்குகள்

தொடக்கக் கேள்விக்கு வருவோம். 1931இல் இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு மைக்குகளை ஒரே இடத்தில் வெவ்வேறு திசை பார்க்க வைத்தால், இரண்டிலும் பதியும் ஒலியின் வலிமை வேறுபடும். அதைக்கொண்டு ஒலி வந்த திசையைக் கேட்பவருக்கு மீட்டுத் தரலாம் என்றார் அவர். பின்னாளில் பிரெஞ்சு வானொலியார் இரண்டு மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகை கோணத்தில் வைத்தனர். முற்றிலும் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி இந்த 17 சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ அரை மில்லி வினாடி ஆகும். அந்தச் சிறு தாமதத்தை நம் காதுகள் உணர்ந்து திசை அறிகின்றன. மைக்குகள் சிறிதான பின், இந்த இரட்டையை ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே தாங்கியில் நிறுத்துவது எளிதாயிற்று.

இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர், 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் சாந்தா பார்பரா நகரத் தேவாலயம் ஒன்றில் விசுவ மோகன் பட், ரை கூடர் ஆகியோரின் இசையைப் புளூம்லைன் முறையில், இரண்டே மைக்குகளால் பதிந்தார். ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்ற அந்த இசைத்தட்டு 1994இல் கிராமி விருது பெற்றது. மைக்குகளின் எண்ணிக்கையைவிட அவற்றை வைக்கும் இடமே பெரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வாசகர்களே, உங்கள் ஊரிலும் முதிய நாதஸ்வரக்காரரோ, நையாண்டி மேளக்காரரோ, பஜனைப் பாடகரோ இருப்பார். அடுத்த திருவிழாவில் அவர் அனுமதி பெற்று, இரண்டு சிறிய மைக்குகளை மேடைக்கு வெளியே, ஒலிபெருக்கிக்கு எதிர்ப்படாமல், தரையில் ஊன்றிய தாங்கியில் உயர்த்தி வையுங்கள். புறப்படுமுன் ஒரு சோதனை: மைக்கை ரப்பரில் வைத்து, அது எவ்வளவு தாழ்கிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். 1 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ரப்பரை மாற்றுங்கள். நாளை அந்தப் பதிவைக் கேட்பவர், வாசித்தவர் எந்தப் பக்கம் அமர்ந்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுவார்.