கண்குழி எலும்பு முறிவு

கண்குழி எலும்பு முறிவு என்பது விழிக்கோளத்தைச் சூழ்ந்துள்ள எலும்புக் கூட்டில் ஏற்படும் முறிவு ஆகும். ஏழு எலும்புகளால் ஆன கண்குழியின் விளிம்பு தடித்தது. அதன் தரையும் மூக்கை ஒட்டிய உட்சுவரும் மிக மெல்லியவை. பந்தோ முட்டியோ கண்ணில் மோதும்போது விளிம்பு முறியாமல் தரை மட்டும் உடைந்து, கீழேயுள்ள மேல்தாடைச் சைனஸ் அறைக்குள் இறங்குவதுண்டு. இது புளோ-அவுட் முறிவு எனப்படுகிறது. 1957 இல் பைரன் ஸ்மித், வில்லியம் ரீகன் ஆகியோர் இறந்தவர் ஒருவரின் கண்மீது பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்து இம்முறிவை உண்டாக்கிக் காட்டினர்.

அறுவை மருத்துவம் எப்போது தேவை?

எலும்பு முறிந்துள்ளது என்பது மட்டுமே அறுவைக்குக் காரணம் ஆகாது. ஒரு காலத்தில் இம்முறிவுகள் பெரும்பாலும் உடனே அறுவை செய்யப்பட்டன. 1974 இல் அலன் புட்டர்மன் குழுவினர், அறுவையின்றியே பலருக்கு இரட்டைப் பார்வை மறைவதைக் காட்டிய பின்னர் இந்நிலை மாறியது. வீக்கமும் இரத்தக் கசிவுமே பல வேளைகளில் கண்ணின் அசைவைத் தடுக்கின்றன. அவை வடிந்ததும் பார்வை ஒன்றாகிவிடும். எனவே பெரியவர்களில் சில நாட்கள் காத்திருந்து மீண்டும் சோதிப்பது வழக்கம்.

இரட்டைப் பார்வை குறையாமல் நீடித்து, தசையோ சுற்றுத்திசுவோ முறிவில் சிக்கியிருப்பது சி.டி. ஸ்கேனில் தெரிந்தால் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் அறுவை செய்யப்படுகிறது. கண் 2 மி.மீ.க்கு மேல் உட்குழிந்திருந்தாலோ, தரையின் பாதிக்கு மேல் உடைந்து பின்னர் உட்குழியும் என எதிர்பார்க்கப்பட்டாலோ அவ்வாறே. தொடக்கத்தில் வீக்கம் இக்குழிவை மறைத்துவிடும் என்பதால் முதல் நாள் தோற்றத்தை நம்ப இயலாது. மிகவும் தாமதித்தால் திசுக்கள் தழும்பாகி ஒட்டிக்கொள்வதால் அறுவை கடினமாகிறது. இவ்வெண்கள் வழிகாட்டிகளே, மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இன்றும் உண்டு.

சிறுவர்களில்

காத்திருக்கக் கூடாத நிலை சிறுவர்களில்தான் மிகுதி. அவர்களின் எலும்பு நெகிழ்வானது. உடைந்து திறந்து, பொறிக்கதவு போல மீண்டும் மூடிக்கொள்ளும். இடையில் சிக்கிய தசைக்கு இரத்த ஓட்டம் தடைபட்டால் அது நிலையாகப் பழுதடையலாம். ஆனால் வெளியே கண் சிவப்பதோ கன்றுவதோ அரிது. முறிவு மூடிக்கொள்வதால் ஸ்கேனிலும் சிறிதாகவே தெரியும். சிறுவரால் மேலே பார்க்க முடிவதில்லை. பார்க்க முயன்றால் வலி, குமட்டல், வாந்தி, நாடித்துடிப்புக் குறைதல் ஆகியன தோன்றும். இவை தலைக்காயத்தின் அறிகுறிகள் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. இத்தகையோருக்கு 24 முதல் 48 மணி நேரத்திற்குள் சிக்கிய தசை விடுவிக்கப்பட வேண்டும். 1998 இல் இந்நிலை 'வெண்விழி' முறிவு என்ற பெயரில் விவரிக்கப்பட்டது.

பிற

எவ்வயதினராயினும் முதலில் பார்வையும் விழிக்கோளமும் சோதிக்கப்படும். விழிக்கோளம் கிழிந்திருந்தால் அதைச் சரிசெய்வதே முதற்பணி. கன்னமும் மேலுதடும் மரத்துப்போவது பொதுவான அறிகுறி. அதற்காக மட்டும் அறுவை செய்வதில்லை. சைனஸ் காற்று கண்குழிக்குள் புகக்கூடும் என்பதால் சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்துதல் ஆகாது.

அறுவையின்போது பெரும்பாலும் கீழ் இமையின் உட்புறமாகச் சென்று, உடைந்த தரையின்மேல் தைட்டானியம் வலை, நுண்துளைப் பாலிஎத்திலீன் தகடு அல்லது நோயாளியின் எலும்புத் துண்டு வைக்கப்படுகிறது. கீழ் இமை இழுபடுதல், இரட்டைப் பார்வை தொடர்தல், அரிதாகப் பார்வை இழப்பு ஆகியன இதன் இடர்கள்.