எந்தக் கட்டையைத் தட்டினால் என்ன?

எதிரணி நண்பர், "எந்தக் கட்டையைத் தட்டினால் என்னய்யா, திரையில தமிழ் வந்தாப் போதாதா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் கை தட்டினீர்கள். போதாது என்று சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

அமெரிக்காவில் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப் பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த எழுத்து வரிசைதான் கொஞ்சம் மாறி, இன்றைக்கும் நம்ம கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஜெர்மன்காரன் அதை அப்படியே வாங்கிக்கலை. அவன் மொழியில் இசட் அடிக்கடி வரும், ஒய் அபூர்வம். இரண்டையும் இடம் மாத்திப் போட்டுக்கிட்டான். பிரெஞ்சுக்காரன் க்யூ இருந்த இடத்தில் ஏ-யை உட்கார வைத்தான். துருக்கியில் இஹ்சான் யெனர், தம் மொழியில் எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு பார்த்தே ஒரு வரிசை அமைத்தார். 1955-ல் அது அந்த நாட்டுத் தரமாச்சு.

அவங்களுக்கெல்லாம் முப்பது எழுத்துக்குள்ள சோலி முடிஞ்சுபோகும். நமக்கு 247! இதை ஒரு பொறிக்குள் அடக்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1907-ல் மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. கொம்புக்கு ஒரு கட்டை, காலுக்கு ஒரு கட்டை என்று பிரித்தார். புள்ளிக் கட்டையை அடித்தால் வண்டி நகராது. அடுத்து வரும் எழுத்தின் தலையில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். என்ன மூளை பாருங்கள்!

எனக்கு ஊர் தேனி மாவட்டத்துத் தேவாரம். (சம்பந்தர் பாடினது வேற தேவாரம்; எங்க ஊர்ல தென்னந்தோப்புதான்.) அந்தப் பேரை முத்தையா வழியில் அடித்தால் முதலில் இரட்டைக் கொம்பு, அப்புறம் 'த'. அது கை எழுதுகிற வரிசை. வாய் சொல்கிற வரிசை என்ன? த், அப்புறம் ஏ. நன்னூல் சொல்வதும் அதைத்தான்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு கூடியது. ஆளுக்கொரு மென்பொருள், மென்பொருளுக்கொரு விசைப்பலகை என்றிருந்த காலம் அது. அங்கே உருவானதுதான் 'தமிழ் 99'. உயிர் 12 இடப்பக்கம், மெய் 18 வலப்பக்கம், ஆய்தம் ஒன்று. 31 கட்டையில் மொத்தத் தமிழும் அடக்கம். 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. புள்ளி தானா விழும். பக்கத்து ஊர் கம்பம் இருக்கே, அதில் 'ம'வுக்குப் பின்னால் 'ப' வந்ததும் நடுவில் புள்ளி தானாக ஏறும். மெல்லினம் தன் இன வல்லினத்தைச் சேரும் என்ற இலக்கணம் அந்தப் பலகைக்குத் தெரியும்! 'மமதை'க்கு மட்டும் நடுவில் ஒரு 'அ' கூடத் தட்டணும். மமதைன்னா செலவு கூடத்தானே!

நண்பர் இப்போது போனில் 'தேவாரம்' அடிப்பது எப்படி? டி, எச், இ, இ, வி, ஏ, ஏ, ஆர், ஏ, எம். பத்துத் தட்டு. தமிழ் 99-ல் ஏழு. மூன்று தட்டு மிச்சம் என்பதற்காக நான் சண்டை போடலை. தமிழில் ஒரு வார்த்தை எழுத, பிள்ளையின் மனசு முதலில் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டுகிறதே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

ஒன்று நியாயமாகச் சொல்லணும். தமிழ் லோயர், ஹையர் பாஸ் செய்து, அந்தத் தட்டச்சை வைத்தே அரசு வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள் எத்தனை பேர்! அவங்க விரலைப் போய் மாத்துன்னு சொல்ல எனக்கு மனசு வராது. இலங்கையிலும் தட்டச்சு வழி வந்த ரெங்கநாதன் பலகைதான் தரம். என் வாதம் இனிமேல் படிக்கப் போகும் குழந்தைக்கு.

ஆனா பாருங்க, 1999-ல் வந்த தமிழ் 99, விண்டோஸோடு சேர்ந்து வர 2019 ஆச்சு. அந்த இருபது வருஷத்தில் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்றைக்கு 'அம்மா'வை ஏ-யில் ஆரம்பிக்கிறார்கள். தன் வீட்டிலும் அப்படித்தான் என்று, தேநீர் குடிக்கும்போது எதிரணி நண்பரே என்னிடம் ஒத்துக்கொண்டார்.