நன்மைதரு பாக்டீரியாக்களால் அஃப்ளாடாக்சின் நீக்கம்

நன்மைதரு பாக்டீரியாக்களால் அஃப்ளாடாக்சின் நீக்கம் என்பது, உணவில் கலந்துள்ள அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சை இலாக்டிக் அமில பாக்டீரியா போன்ற தீங்கற்ற நுண்ணுயிர்களின் கலச்சுவரில் பிணைத்து, அது குடலில் உறிஞ்சப்படும் அளவைக் குறைக்கும் முறை ஆகும்.

பின்னணி

ஈரப்பதத்துடன் சேமிக்கப்படும் நிலக்கடலை, மக்காச்சோளம் முதலியவற்றில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாரசிட்டிகஸ் ஆகிய பூஞ்சைகள் இந்நச்சை உருவாக்குகின்றன. 1960 இல் இங்கிலாந்தில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததைத் தொடர்ந்து, அவற்றுக்குத் தரப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் இது கண்டறியப்பட்டது. 2004 இல் கென்யாவில் நச்சேறிய மக்காச்சோளத்தை உண்ட 317 பேர் பாதிக்கப்பட்டு, 125 பேர் இறந்தனர்.

சிறிய அளவில் நீண்டகாலம் உட்கொண்டால் இது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். கல்லீரல் அழற்சி பி தொற்று உள்ளவர்களுக்கு இவ்வாபத்து பன்மடங்காகிறது. வழக்கமான சமையல் வெப்பத்தில் இந்நச்சு முழுமையாக அழிவதில்லை.

செயல்முறை

பாக்டீரியாவின் கலச்சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கான், பல்சர்க்கரைடுகள் ஆகியவற்றுடன் நச்சு மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. வெப்பத்தால் கொல்லப்பட்ட பாக்டீரியாக்களும் நச்சைப் பிணைக்கின்றன. எனவே இது வளர்சிதைமாற்றத்தால் நிகழும் சிதைவு அன்று. புறப்பரப்பில் நிகழும் பிணைப்பே ஆகும்.

ஆய்வுகள்

1998 இல் பின்லாந்தின் குவோபியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் இனத்தின் ஜிஜி, எல்சி-705 ஆகிய இரு வகைகள் கரைசலிலிருந்து ஏறத்தாழ 80% அஃப்ளாடாக்சின் பி1 ஐ நீக்கியதாக அறிவித்தனர். 2020 முதல் இவ்வினம் லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் என வகைப்படுத்தப்படுகிறது.

தென் சீனாவின் குவாங்சௌ பகுதியில் நலமான இளைஞர்கள் 90 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2006 இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு எல்சி-705 உம் ஒரு புரொப்பியோனிபாக்டீரியமும் கலந்த மாத்திரைகளும், மற்றப் பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரைகளும் 5 வாரங்கள் வழங்கப்பட்டன. அஃப்ளாடாக்சினால் மரபுப்பொருள் சேதமுறுவதைக் காட்டும் சேர்மம், முதற் பிரிவினரின் சிறுநீரில் 5ஆம் வாரத்தில் 55% குறைவாக இருந்தது.

வரம்புகள்

* இப்பிணைப்பு மீளக்கூடியது. கழுவும்போது நச்சின் ஒரு பகுதி விடுபடுகிறது.
* பிணைக்கும் திறன் பாக்டீரியா வகைக்கு வகை வேறுபடும். மிகுந்த எண்ணிக்கையில் பாக்டீரியாக்கள் தேவை. ஆகவே எல்லாத் தயிரும் இப்பயனைத் தரும் எனக் கொள்ள இயலாது.
* குவாங்சௌ ஆய்வு அளந்தது ஆபத்தின் குறியீட்டை மட்டுமே. புற்றுநோய் குறைந்ததா என்பதை அன்று.

அறுவடைக்குப் பின் நன்கு உலர்த்துதல், பூஞ்சை பிடித்த மணிகளைப் பொறுக்கி அகற்றுதல், ஈரம் புகாமல் சேமித்தல் ஆகியனவே முதன்மையான தடுப்பு முறைகள். பாக்டீரியா முறை இவற்றுக்குத் துணையாகுமே அன்றி மாற்றாகாது.