டட்சன் 240 இஸட்: 50 வயது ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை மீட்டெடுப்பது எப்படி, பார்ட்ஸ் தேடுவது எப்படி?

டட்சன் என்றதும் நம்ம ஊரில் பலருக்கும் ஞாபகம் வருவது, ஒரகடத்தில் தயாரான 'கோ' ஹேட்ச்பேக்தான். சின்ன இன்ஜின், குறைந்த விலை, 2022-ல் மொத்தமாக மூட்டை கட்டியாச்சு. ஆனா, இதே டட்சன் பேட்ஜோடு வந்த இன்னொரு கார், 2020 ஜனவரியில் அமெரிக்க ஆன்லைன் ஏலம் ஒன்றில் 3,10,000 டாலருக்குப் போனது. 1971 மாடல் 240 இஸட் அது. 1970-ல் ஷோரூமில் புத்தம் புதுசாக நின்றபோது இந்த மாடலின் விலை 3,526 டாலர்!

இந்த விலையைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரு கணக்கு ஓடும். 'ஒரு ஓட்டை இஸட்டைச் சல்லிசா வாங்கி, ரெடி பண்ணி வித்தா லாபம்தானே?' அங்கேதான் சிக்கல். ஏலத்தில் போனது மிகக் குறைவாக ஓடி, பொத்திப் பொத்திப் பாதுகாக்கப்பட்ட கார். மழையிலும் உப்பு கொட்டிய ரோட்டிலும் ஓடித் தேய்ந்த இஸட்டின் கதையே வேற. எதைப் பார்த்து வாங்கணும், பார்ட்ஸை எப்படித் தேடணும், எந்த வேலையை முதலில் தொடணும் என்று தெரியாமல் இறங்கினால், காசும் போகும், காரும் பாதியில் நிற்கும்.

யார் இந்த இஸட்?

1969 அக்டோபரில் ஜப்பானில் 'ஃபேர்லேடி இஸட்' என்ற பெயரில் அறிமுகமானது. கம்பெனிக்குள் இதன் குறியீடு எஸ்30. அமெரிக்காவில் நிஸானின் தலைவராக இருந்த யுடாகா கட்டயாமாவுக்கு அந்தப் பெயர் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு இப்படி ஒரு பெயரா என்று பேட்ஜைக் கழற்றிவிட்டு, '240 இஸட்' என்று மாட்டச் சொன்னார். 2.4 லிட்டர் இன்ஜின், அதனால் 240. சிம்பிள்.

2,393 சிசி, வரிசையாக 6 சிலிண்டர்கள், 2 கார்புரேட்டர்கள், சுமார் 1,040 கிலோ எடை. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் தர வேண்டிய கிக்கை, அதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலியை 1971, 1973 என இரண்டு முறை ஜெயித்தது. 1973-ல் ஜெயித்த ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளி டிரைவர். 240, 260, 280 என்று 1978 வரை வந்த எஸ்30 குடும்பம் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. இவ்வளவு கார்கள் விற்றதால்தான் இன்றைக்கும் இதற்குப் பார்ட்ஸ் கிடைக்கிறது.

இன்ஜினை விடுங்க, இரும்பைப் பாருங்க

எல்24 என்ற இந்த இன்ஜின் செம முரடு. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செயினில் சுற்றும் ஒற்றை கேம்ஷாஃப்ட். செத்துப்போனாலும் பிழைக்க வைத்துவிடலாம். ஆனா, பாடி அப்படிக் கிடையாது. இஸட்டுக்குத் தனிச் சேஸி இல்லை, மோனோகாக். அதாவது தரைத் தகடு, பக்கவாட்டு ரெயில்கள் எல்லாம் சேர்ந்துதான் காரின் எலும்பு. அதில் துரு ஏறினால் எலும்பே அரித்துப்போகிறது என்று அர்த்தம்.

எங்கெங்கே பார்க்கணும்? முதலில் பேட்டரி தட்டு. வருடக்கணக்கில் வழிந்த ஆசிட், தட்டைத் தின்றுவிட்டுக் கீழே உள்ள ரெயிலுக்கு இறங்கியிருக்கும். அடுத்து, வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளம். அங்கே இலை, தழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியேறாமல் உள்பக்கத் தரைக்கு வரும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீங்க. பிறகு கதவுக்குக் கீழே ஓடும் பகுதி, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள வளைவு, ஸ்டெப்னி குழி, டிக்கி கதவு உட்காரும் விளிம்பு.

பளபள பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தம் போதும். இரும்பில் பச்சக் என்று ஒட்டும் காந்தம், பட்டி வைத்து மொழுகிய இடத்தில் வழுக்கிக்கொண்டு விழும். எத்தனை இடத்தில் விழுகிறதோ, டிங்கரிங் பில் அத்தனை மடங்கு ஏறும். ஓடாத இன்ஜினும் நல்ல பாடியும் உள்ள கார், ஓடும் இன்ஜினும் துருப்பிடித்த பாடியும் உள்ள காரைவிட எப்பவுமே பெட்டர்.

நம்பர் பொருந்துதா?

சேஸி நம்பரின் ஆரம்ப எழுத்துகள் காரின் ஜாதகம். 'ஹெச்.எல்.எஸ்.30' என்றால் 2.4 லிட்டர், இடதுபக்க ஸ்டீயரிங். 'ஹெச்.எஸ்.30' என்றால் 2.4 லிட்டர், வலதுபக்க ஸ்டீயரிங். வெறும் 'எஸ்30' என்றால் ஜப்பான் உள்நாட்டுக்கு வந்த 2 லிட்டர். இன்ஜின் அறைத் தடுப்புச் சுவரில் குத்தியிருக்கும் நம்பரும், பிளேட்டில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்கணும். இன்ஜின் நம்பரும் சேர்ந்து பொருந்தினால் காருக்கு மவுசு கூடும். பொருந்தவில்லை என்றால் ஓட்ட முடியாது என்றில்லை. ஆனா, அந்த விலையைக் கொடுக்கக் கூடாது.

பிரிக்கும் முன் போன் எடுங்க

ஒரு போல்ட்டைக் கழற்றும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். வயர் எந்தப் பக்கம் போகிறது, எந்த வாஷர் மேலே, எந்த வாஷர் கீழே என்பதெல்லாம் ஒன்றரை வருடம் கழித்து மாட்டும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஜிப் கவர், மார்க்கர் பேனா இரண்டும் ஸ்பேனரைவிட முக்கியம். கழற்றிய பழைய பாகம் உடைந்திருந்தாலும் புதுசு வந்து, மாட்டி, சரியாக உட்காரும் வரை தூக்கிப் போடாதீங்க. பார்ட்ஸே கிடைக்காத நாளில், உடைந்த அந்தத் துண்டுதான் லேத்காரருக்கு அளவு.

தரைத் தகட்டை வெட்டி மாற்றுவதாக இருந்தால், முதலில் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுக்கணும். இல்லையென்றால் மோனோகாக் பாடி வளைந்துவிடும். புதுத் தரை சூப்பராக இருக்கும், கதவு மட்டும் ஜென்மத்துக்கும் மூடாது.

பெயரைச் சொல்லித் தேடாதீங்க, நம்பரைச் சொல்லுங்க

பார்ட்ஸ் வேட்டையில் பாதி வெற்றி இங்கேதான். நிஸானின் பார்ட் நம்பர் 5 + 5 என்ற வடிவில் இருக்கும். முதல் 5 இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும். அடுத்த 5, எந்த மாடலுக்கான எந்த வகை என்று சொல்லும். '240 இஸட் டோர் ரப்பர்' என்று தேடினால் குப்பையும் சேர்ந்து வரும். நம்பரைப் போட்டால் பொருள் மட்டும் வரும். கம்பெனி பழைய நம்பரை நிறுத்திவிட்டுப் புது நம்பர் கொடுத்திருக்கலாம் என்பதால் இரண்டையும் தேடணும்.

கிடைக்கும் பார்ட்ஸ் 4 வகை:

* டெட் ஸ்டாக்: அன்றைக்கே கம்பெனி தயாரித்து, விற்காமல் டப்பாவிலேயே இருப்பது. உலோகம், கண்ணாடி, பேட்ஜ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பர் என்றால் யோசிக்கணும். டப்பா புதுசாக இருந்தாலும் ரப்பருக்கு 50 வயது ஆகியிருக்கும்.
* பழையது: வேறு காரிலிருந்து கழற்றியது. நம்ம புதுப்பேட்டை மாதிரிதான். கதவுக் கைப்பிடி, சீட் ரெயில், கடிகாரம் போன்றவற்றுக்கு இதுதான் வழி.
* மறுதயாரிப்பு: தரைத் தகடு, ரப்பர் பீடிங், டேஷ்போர்டு எல்லாம் புதுசாகவே செய்கிறார்கள். பம்பரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வியட்நாமில் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். தரம் ஆளுக்கு ஆள் மாறும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒரு முறை மாட்டிப் பார்ப்பது கட்டாயம்.
* சொந்தக்காரர் பார்ட்ஸ்: எல் வரிசை இன்ஜின்கள் ஸ்கைலைன், லாரல், செட்ரிக் போன்ற நிஸான் கார்களிலும் வந்தவை. அதனால் இன்ஜின் பாகங்களுக்குப் பஞ்சம் குறைவு. பஞ்சமெல்லாம் இஸட்டுக்கு மட்டுமே உரிய அலங்காரப் பாகங்களில்தான்.

ஜப்பான் ஏலத்துக்கு 3 வார்த்தைகள்

ஜப்பானின் ஏலத் தளங்களில் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வாங்குவது கஷ்டம். இடைத்தரகர் நிறுவனம் வாங்கி, பேக் செய்து அனுப்பும். அங்கே 3 வார்த்தைகள் தெரிந்தால் பல ஏமாற்றங்கள் மிச்சம். 'ஜுன்செய்' என்றால் கம்பெனி ஒரிஜினல். 'சூகோ' என்றால் பழையது. 'ஜங்க்' என்றால் வேலை செய்யும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது, திருப்பியும் வாங்க மாட்டோம் என்று அர்த்தம். போட்டோவில் எவ்வளவு அழகாக இருந்தாலும், 'ஜங்க்' என்று போட்டிருந்தால் அந்த விலைதான் கொடுக்கணும்.

இன்னொரு விஷயம்: ஜப்பான் கார் வலதுபக்க ஸ்டீயரிங். அமெரிக்க இஸட்டுக்கு அங்கிருந்து டேஷ்போர்டு, வைப்பர் லிங்கேஜ் வாங்கினால் பக்கம் மாறிப்போகும். பொருளின் விலையோடு தரகர் கமிஷன், ஷிப்பிங், சுங்க வரி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள்.

இஸட்டுக்கே உரிய 4 தலைவலிகள்

முதலாவது, பின் சஸ்பென்ஷனின் ஸ்பிண்டில் பின். கீழ் ஆர்மையும் சக்கர ஹப்பையும் கோக்கும் நீளமான கம்பி. 50 வருடத்தில் துருப்பிடித்துச் சிமென்ட் போல் இறுகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் முனை நசுங்கி, மரை போய்விடும். இதற்கென்றே புல்லர் கிடைக்கிறது. பொறுமையாக எண்ணெய் ஊற்றி, ஊறவைத்து இழுக்கணும்.

இரண்டாவது, ஃபியூஸ் பாக்ஸ். ஹெட்லைட்டுக்குப் போகும் கரன்ட் ரிலே இல்லாமல் நேராக ஸ்விட்ச் வழியாகவே ஓடுவதால் சூடாகி, பிளாஸ்டிக் உருகும். ஒரு ரிலே செட் மாட்டினால் தீர்ந்தது.

மூன்றாவது, உயிர் சம்பந்தப்பட்டது. டிக்கி ரப்பரும் டெயில் லைட் ரப்பரும் காய்ந்துபோனால், வண்டி ஓடும்போது சைலன்ஸர் புகை கேபினுக்குள் இழுக்கப்படும். 'பழைய கார்னா அப்படித்தான் வாசனை வரும்' என்று சொல்பவரை நம்பாதீர்கள். அதில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. அந்த ரப்பர்களை மாற்றாமல் நெடும்பயணம் போகவே கூடாது.

நான்காவது, கார்புரேட்டர். 1970 முதல் 1972 வரை வந்த ஹிட்டாச்சி கார்புரேட்டர்கள் அருமையானவை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி ட்யூன் செய்துவிட்டால் பட்டு மாதிரி ஓடும். 1973 மாடலில் மாசுக் கட்டுப்பாட்டுக்காக வந்த தட்டையான தலை கொண்ட வகை யாருக்கும் பிடிக்காமல், பலரும் கழற்றிவிட்டுப் பழசையே மாட்டினார்கள். கார்புரேட்டரைத் திட்டும் முன் வால்வு இடைவெளியைப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது இன்டேக் 0.25 மி.மீ, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ இருக்கணும்.

கம்பெனிகளே திரும்ப வருகின்றன

நிஸான் 2017 டிசம்பரில் ஆர்32 ஜிடி-ஆருக்கு நிறுத்தப்பட்ட பார்ட்ஸை மறுபடியும் விற்க ஆரம்பித்தது. டொயோட்டா 2019-ல் பழைய இரண்டு சுப்ரா தலைமுறைகளுக்கு அறிவித்து, பிறகு 2000ஜிடி, ஏஇ86 என்று விரித்தது. மாஸ்டா ஒரு படி மேலே போய், முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரை ஜப்பானில் தானே ரெஸ்டோர் செய்து தருகிறது. அதற்காக அந்தக் காலத்து டிசைனிலேயே டயரைக்கூட மறுபடி தயாரிக்க வைத்தது. இஸட்டுக்குக் கை கொடுப்பவர்கள் பெரும்பாலும் தனியார் தயாரிப்பாளர்கள்தான்.

லாபக் கணக்கு போடுபவர்களுக்கு ஒரு தகவல். 1990-களின் பிற்பகுதியில் நிஸானின் அமெரிக்கப் பிரிவே பழைய 240 இஸட்களை வாங்கி, ரெஸ்டோர் செய்து, டீலர்கள் மூலம் விற்றுப் பார்த்தது. திட்டமிட்ட எண்ணிக்கையைத் தொடாமலே அது நின்றுபோனது. பார்ட்ஸ் குடோனைக் கையில் வைத்திருந்த கம்பெனிக்கே இந்த நிலைமை. ஆகவே, ஓட்டுவதற்காக ரெஸ்டோர் செய்யுங்கள், விற்பதற்காக வேண்டாம்.

ஒரிஜினலா, மாடிஃபைடா?

நம்பர் பொருந்தும், அதிகம் வெட்டப்படாத ஆரம்பகால கார் என்றால் கை வைக்காமல் ஒரிஜினலாகவே விடுங்கள். ஏற்கெனவே இன்ஜின் மாறிய கார் என்றால் சுதந்திரம் அதிகம். 2.8 லிட்டர் எல்28 இன்ஜின் பெரிய வெட்டு, ஒட்டு இல்லாமல் அதே இடத்தில் உட்காரும். எதைச் செய்தாலும், திரும்ப ஒரிஜினலுக்கு மாற்ற முடிகிற மாதிரி போல்ட் போட்டு மாட்டுங்கள், பாடியை வெட்டாதீர்கள். கழற்றிய பாகங்களைக் காரோடு சேர்த்தே வையுங்கள்.

வேலை வரிசை இதுதான்

முதலில் துரு, வெல்டிங். அடுத்து பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டயர். பார்க்க நன்றாக இருந்தாலும் பிரேக் ஹோஸ்களை மொத்தமாக மாற்றுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள 4 இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். மூன்றாவது, பெட்ரோல் டேங்க்கும் லைனும். டேங்க்கில் துரு இருக்கும்போது கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது வீண். நான்காவது இன்ஜின், பிறகு வயரிங், பிறகு பெயின்ட், கடைசியில் சீட்டும் டேஷ்போர்டும்.

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயின்ட் சீக்கிரம் லைக்ஸ் வாங்கித் தரும் என்பதால் அதில் ஆரம்பித்து, வெல்டிங்குக்குக் காசில்லாமல் பாதியில் விற்றுவிடுகிறார்கள். 'ரெஸ்டோரேஷன் 80 சதவிகிதம் முடிந்தது' என்று விற்பனைக்கு வரும் இஸட்டைப் பார்த்தால், காந்தத்தோடு போங்கள். மீதி 20 சதவிகிதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.